நூலா, ஃபில்லரா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

எனக்கு 53 வயது. சர்க்கரை நோய்க்காக ஓராண்டில் 12 கிலோ எடை குறைத்தேன். உடம்பு தேறிவிட்டது, ஆனால் கன்னம் குழிவிழுந்து, தாடையோரம் தளர்ந்துவிட்டது. ஆறு வாரத்தில் மகள் திருமணம். ஒரு கிளினிக்கில் தோலுக்கடியில் நூல் போட்டுத் தூக்கலாம் என்கிறார்கள். இன்னோர் இடத்தில் குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசி போதும் என்கிறார்கள். எதைச் செய்வது?

ஆர்., மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

கைக்கண்ணாடியுடன் மல்லாந்து படுத்து உங்கள் முகத்தைப் பாருங்கள். அந்த நிலையில் தாடையோரச் சதை காதுப் பக்கம் ஒதுங்கிவிடும். அப்போதும் கன்னக்குழி அப்படியே இருந்தால், அது கொழுப்பு கரைந்ததால் வந்த வற்றல். தளர்ந்ததை நூல் சிறிது தூக்கும், வற்றியதை நிரப்பாது. 12 கிலோ குறைந்த முகத்தில் பெரும்பாலும் வற்றல்தான் முதல் குறையாக இருக்கும்.

சதையைப் பிடித்துத் தூக்க முள் வைத்த இந்த நூல்களில் பெரும்பாலானவை, அறுவை சிகிச்சைத் தையலுக்குப் பல காலமாகப் பயன்படும் பாலிடையாக்சனோன் என்ற பொருளால் ஆனவை. ஏறக்குறைய ஆறு மாதத்தில் நூல் கரைந்துவிடும். தூக்கிய பலனும் பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டுவதில்லை. கொழுப்புக் குறைந்த மெல்லிய கன்னத்தில் நூல் மேலாகப் பதிந்துவிடுவதும் உண்டு. வேறோர் இடத்தில் நூல் போட்டுக்கொண்டு என்னிடம் வந்த ஒரு பெண்மணிக்குச் சிரிக்கும்போதெல்லாம் ஒரு கன்னத்தில் மட்டும் சுருக்கென்று ஒரு பள்ளம் விழுந்தது. விரல் நுனியால் தடவினால் நூலின் முனை தட்டுப்பட்டது. அவர் மூன்று மாதம் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தார். அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஃபில்லர், அதுவும் ஹையலூரோனிக் அமிலம் என்ற ஜெல் வகை மட்டும். பிடிக்காவிட்டாலோ, தவறு நேர்ந்தாலோ ஹையலூரோனிடேஸ் என்ற மருந்தைச் செலுத்தி அதைக் கரைத்துவிடலாம். கால்சியம் வகை ஃபில்லருக்கு அப்படியொரு மாற்று மருந்து இல்லை. ஆனால் தாடைத் தளர்ச்சியையும் சேர்த்துச் சரிசெய்கிறேன் என்று யாராவது ஊசிக்குமேல் ஊசி போட முன்வந்தால் மறுத்துவிடுங்கள். முகம் வீங்கியதுபோல் ஆகிவிடும்.

ஃபில்லரின் உண்மையான ஆபத்து, அது இரத்தக் குழாய்க்குள் புகுந்துவிடுவது. அரிதாகவே நேரும், ஆனால் நேர்ந்தால் தோல் அழுகலாம். மூக்கிலும் புருவ நடுவிலும் போடும்போது கண் பார்வையே போன நிகழ்வுகள் உண்டு. ஊசி போட்ட இடம் வெளுத்தாலோ, திட்டுத்திட்டாக நிறம் மாறினாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே மருத்துவர் பார்க்க வேண்டும். எனவே ஊசி போடப்போவது தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோதானா, கரைக்கும் மருந்து அதே அறையில் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஊசிக்குப் பின் வீக்கமும் கன்றலும் இரண்டு வாரம்வரை நீடிக்கலாம். அதனால் செய்வதென்றால் அடுத்த இரண்டு வாரத்துக்குள் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலோ, எடை இன்னும் குறைந்துகொண்டிருந்தாலோ, திருமணம் முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவின் அறிக்கையை மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.