புல்தரை மஞ்சளாகிறது, பராமரிப்பு ஒப்பந்தம் போடலாமா?

வணக்கம். புதுவீட்டில் 600 சதுர அடிக்குக் கொரியன் புல் பதித்து மூன்றே மாதத்தில் திட்டுத் திட்டாக மஞ்சள். பதித்தவரே இப்போது வருட ஒப்பந்தம் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் மஞ்சளான இடத்தில் முக்கால் அடி தோண்டிப் பாருங்கள். மேலே இரண்டு அங்குலம் செம்மண், அடியில் செங்கல் துண்டும் இறுகிய சிமெண்டுமாக வந்தால் வேர் இறங்க வழியே இல்லை. சிமெண்டு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் புல்லால் எடுக்க முடியாது. இலையை உற்றுப் பாருங்கள், நீளவாக்கில் பச்சையும் மஞ்சளுமாகக் கோடு ஓடும். இதற்கு யூரியா மருந்தல்ல. இடிபாட்டை அள்ளிவிட்டு, அரை அடிக்கு நல்ல மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி மறுபடி பதிக்க வேண்டும். அது அவர் செய்த வேலையின் குறை, தனிக் கூலி கொடுக்காதீர்கள். எரு பச்சைச் சாணியாக வந்தால் இறக்கவே விடாதீர்கள், களை விதையும் சேர்ந்து வரும்.

மண் சரியாக இருந்து, இலை நுனி மட்டும் நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் புல் வெட்டும் மெஷின் பிளேடு மழுங்கியிருக்கிறது.

பிறகு ஒப்பந்தம் போட்டால் இவற்றை எழுதி வாங்குங்கள்: எத்தனை நாளுக்கு ஒரு வெட்டு, ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, வெட்டிய புல்லை யார் அள்ளுவது, கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுப்பது (மேலாக அறுத்தால் ஒரே வாரத்தில் திரும்பி நிற்கும்). யூரியா உங்கள் பரப்புக்கு ஒரு தடவைக்கு அரைக் கிலோ போதும். தூவிய கையோடு தண்ணீர் பாய்ச்சாவிட்டால் புல் கருகும்.