இறக்கத்துக்குப் பழகுங்கள்

வணக்கம் ஐயா,

நான் உப்புவெளியில் இருக்கிறேன். வயது 37, அலுவலக வேலை. கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் மூலம் கண்டிப் பக்கத்து ஹைக்கிங் கிளப் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். ஓகஸ்ட் கடைசியில் நக்கிள்ஸ் மலையில் ஒரு நாள் நடை. 16 கிலோமீற்றர், 900 மீற்றர் ஏற்றம், ‘கடினம்’ என்று போட்டிருக்கிறார்கள். இருபது பேரில் நான் மட்டும்தான் புதியவள். பின்னேரங்களில் கடற்கரையில் ஐந்து கிலோமீற்றர் நடப்பேன். பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. படி இறங்கும்போது மட்டும் வலது முழங்கால் கொஞ்சம் நோகும். இன்னும் எட்டுக் கிழமை இருக்கிறது. திருகோணமலையில் மலைக்கு எங்கே போவது, எப்படிப் பழகுவது? மற்றவர்களுக்குச் சுமையாகிவிடுவேனோ என்பதுதான் பெரிய பயம். போகலாமா?

பெயர் வேண்டாம்,
உப்புவெளி

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். எட்டுக் கிழமை போதும். ஆனால் அந்த எட்டுக் கிழமையையும் ஏற்றத்துக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்; நின்றால் இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். புதியவர்களின் கால் விட்டுப்போவது இறக்கத்தில். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பழகாத தசை இந்த வேலையில்தான் சேதப்படுகிறது. மத்தியானத்துக்குப் பிறகு தொடை நடுங்கத் தொடங்கும், கால் வைக்கும் இடம் பிசகும், கணுக்கால் புரளும். நீங்கள் கடற்கரையில் நடப்பது நல்லதுதான், மூச்சுக்கும் கெண்டைக்காலுக்கும் உதவும். ஆனால் அதில் ஓரடி இறக்கம்கூட இல்லை.

உங்கள் முழங்கால் நோவும் இதோடு சேர்ந்ததுதான். வீக்கம் இருந்தாலோ, மடக்கும்போது கால் இறுகிப் பூட்டிக்கொண்டாலோ, முதலில் வைத்தியரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். அப்படி இல்லை, சில்லுக்குப் பின்னால் லேசான நோவு மட்டும்தான் என்றால், பெரும்பாலும் தொடை, இடுப்புத் தசைகளின் பலக்குறைவே காரணம். 15 சென்ரிமீற்றர் உயரப் படியில் ஒரு காலில் நின்று, மற்றக் காலின் குதி நிலத்தைத் தொடும்வரை மூன்று வினாடி எடுத்து மெதுவாக இறக்கி, மறுபடி நிமிருங்கள். ஒரு காலுக்குப் பத்து, மூன்று தடவை, கிழமைக்கு மூன்று நாள். இறக்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் கால்விரலுக்கு நேரே நிற்கவேண்டும். அது சாய்ந்தால் பயிற்சியால் பயனில்லை. கண்ணாடி முன் நின்று பாருங்கள்.

திருகோணமலையில் பெரிய மலை இல்லாவிட்டாலும் படி இருக்கிறது. மூன்று மாடி ஏறக்கூடிய கட்டடம் ஒன்றைப் பிடியுங்கள். உங்கள் அலுவலகமாகவே இருக்கலாம். ஒரு மாடி ஏறக்குறைய மூன்று மீற்றர். கீழிருந்து மூன்றாம் மாடிவரை ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்பது மீற்றர் ஏற்றம், ஒன்பது மீற்றர் இறக்கம். முதல் கிழமை பத்துத் தடவை, கிழமைக்கு இரண்டு நாள். ஒவ்வொரு கிழமையும் ஐந்தைந்தாகக் கூட்டினால் ஏழாம் கிழமை நாற்பது தடவை வரும், அதாவது 360 மீற்றர். லிஃப்டில் இறங்கினால் பயிற்சியின் பாதி, அதுவும் தேவையான பாதி போய்விடும். முதல் மூன்று கிழமை பை வேண்டாம். பிறகு இரண்டு கிலோவில் தொடங்கி ஆறு கிலோவரை தண்ணீர்ப் போத்தலால் பாரம் கூட்டுங்கள்.

கிழமை முடிவில் ஒரு நீள நடை: எட்டுக் கிலோமீற்றரில் தொடங்கிப் பதினாலுவரை. பிரட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதி நகரத்தில் கிடைக்கும் நல்ல சரிவு. கோயிலை நெருங்கும்போது சப்பாத்தைக் கழற்ற வேண்டும். கோயில் படிகள் கும்பிட வருபவர்களுக்கானவை. உங்கள் பயிற்சி வீதியோடு நிற்கட்டும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் இருட்டோடு போகாமல் விடிந்த பிறகு போங்கள். கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு நகரத்தில் நீள நடை வேண்டாம். அந்த வெக்கையில் கால் பழகுவதற்கு முன் உடம்பு சோர்ந்துவிடும்.

அடுத்தது நேரக் கணக்கு. ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்னும் உதவுகிறது: ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். உங்கள் நடைக்கு அது நாலே முக்கால் மணித்தியாலம் வருகிறது. அது ஓய்வில்லாத, பழகிய காலின் கணக்கு. வேரும் பாறையும் நிறைந்த பாதையில், இருபது பேரோடு, அதை ஒன்றரையால் பெருக்கிச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கூட்டுங்கள்: எட்டு மணித்தியாலம். காலை ஏழுக்குத் தொடங்கினால் பின்னேரம் மூன்று. ஓகஸ்ட் கடைசியில் சூரியன் ஆறேகாலளவில் மறையும், காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். ஒன்பது மணிக்குத் தொடங்குவதாகச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

தலைவரிடம் கேட்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. எத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று முடிவு செய்திருக்கிறார்களா? பாதி வழியில் வெளியேறப் பாதை உண்டா? கடைசி ஆளுக்குப் பின்னால் நடக்க ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா? வனத் திணைக்கள அனுமதியும் ஊர் வழிகாட்டியும் உண்டா? ‘பார்த்துக்கொள்ளலாம், பயப்படாதீங்க’ என்பது இவற்றுக்குப் பதிலாகாது. அப்படிச் சொல்லும் கிளப்போடு கடினமான பாதைக்குப் போகவேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இனி, சுமை பற்றிய பயம். புதியவர்கள் கூச்சத்தில் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார்கள். அதுதான் மிகக் கடினமான இடம். முன்னால் ஒருவர் ஒரு மரத்தைத் தாண்ட ஐந்து வினாடி தாமதித்தால், அது ஒவ்வொருவராகக் கூடி, கடைசி ஆள் நிமிடக் கணக்கில் நிற்பார்; பிறகு விட்ட தூரத்தைப் பிடிக்க ஓடுவார். முன்னவர்கள் இளைப்பாறி முடிந்ததும் இவர் வந்து சேர்வார், உடனே எல்லோரும் எழும்பிவிடுவார்கள். ஓய்வே கிடைக்காதவர் கூட்டத்திலேயே பலம் குறைந்தவர் என்றாகிவிடும். ஆகவே தலைவருக்குப் பின்னால் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ நடக்கக் கேளுங்கள். ஏற்றத்தில் முழு வசனம் ஒன்றைப் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வந்தால் ‘கொஞ்சம் மெதுவாக’ என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். முதல் மணித்தியாலத்தில் சொன்னால் எல்லோருக்கும் பத்து நிமிடம் போகும். ஆறாவது மணித்தியாலம்வரை பொறுத்திருந்து விழுந்தால் உங்களைத் தூக்கிக்கொண்டு இறங்க நாலு பேர் வேண்டும். கிளப்புக்கு நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் முழங்கால் நோவையும் மறைக்காதீர்கள்.

சப்பாத்து பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் வருடக்கணக்கில் பத்திரமாக வைத்த மலைச் சப்பாத்தை நம்பாதீர்கள், இரவல் என்றாலும். அடிப்பாகத்துக்குள் இருக்கும் பொலியூரிதேன் நம் கரையோர ஈரக்காற்றில் மெல்ல மெல்ல உடைந்து போகும். வெளியே புதிது போலிருக்கும், நடக்கத் தொடங்கிச் சில மணித்தியாலத்தில் அடி கழன்று வரும். புதிது வாங்குவதென்றால் கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் இடிபட்டுக் கறுக்கும். மலைக்குப் போகுமுன் அதோடு ஐம்பது கிலோமீற்றராவது நடந்திருங்கள். நடையில் ஓரிடம் சூடாக உரசுவது தெரிந்தால் அந்த நிமிடமே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபிறகு ஒட்டுவதில் பாதிப் பயன்தான். உங்கள் முழங்காலுக்கு இரண்டு நடைக்கோல் வாங்குவது நல்ல செலவு. இறக்கத்தில் சற்று நீட்டிப் பிடித்து, கோலை முன்னே ஊன்றி, காலடியைச் சிறிதாக வையுங்கள்.

ஜீன்சும் பருத்திச் சட்டையும் வேண்டாம். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறேழு பாகை குறையும். முகட்டில் ஓகஸ்ட் காற்று பலமாக இருக்கும். வியர்வையில் நனைந்த பருத்தி காயாது, ஓய்வெடுக்க உட்கார்ந்ததும் நடுங்க வைக்கும். மெல்லிய பொலியெஸ்டர் சட்டை, காற்றுமழைக்கு ஒரு ஜக்கட், பொலித்தீனில் சுற்றிய மாற்றுடுப்பு, தலையில் கட்டும் டோர்ச்.

தண்ணீர் மூன்றரை முதல் நாலு லீற்றர்வரை, மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் அளவில். ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) ஒரு பக்கெட், அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் மட்டும் கரையுங்கள். மலசலகூடம் இல்லையே என்று தண்ணீரைக் குறைக்கும் பெண்கள் அதிகம். தலையிடியும் குறண்டலும் அதனாலும் வரலாம். கூட வரும் அந்த அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒதுங்கும்போது பையைப் பாதையோரம் விட்டுவிட்டால் பின்னால் வருபவர் உங்களைத் தாண்டிப் போகமாட்டார். மாதவிடாய்ப் பட்டைகளும், பாவித்ததைப் போட இறுக மூடும் பையும் நாள் கணக்கு எப்படியிருந்தாலும் பையில் இருக்கட்டும். மத்தியானச் சோற்றுப் பார்சலை மட்டும் நம்பாமல் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுங்கள்: வாழைப்பழம், பேரீச்சம்பழம், எள்ளுருண்டை.

அட்டைக்குக் காற்சட்டையைக் காலுறைக்குள் விடுங்கள். கடித்தால் நகத்தால் முதலில் ஒடுங்கிய முனையை, பிறகு தடித்த முனையைத் தள்ளிவிடுங்கள். நெருப்பு வைத்தால் அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும். இரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் கசியும், அழுத்திப் பிடித்தால் போதும்.

பயணத்துக்குப் பத்து நாள் முன் ஒரு சோதனை: முழுப் பையோடு பன்னிரண்டு கிலோமீற்றர், அதே காலையில் முப்பது தடவை படி. மறுநாள் கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்க முடிந்தால் போங்கள். முழங்கால் வீங்கினால் அன்றே தலைவருக்குச் சொல்லிச் சுலபமான நடையொன்றுக்கு மாறுங்கள். பத்து நாள் இருக்கும்போது அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. சோதனை முடிந்தபின் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள்.

இரவு பஸ்ஸில் ஹபரணை, தம்புள்ளை வழியாகப் போய் நித்திரையில்லாமல் மலை ஏறவேண்டாம். முதல் நாளே போய்த் தங்குங்கள். ஏறுமுன் நோ மாத்திரை போடுவது சிலரிடம் பழக்கம், செய்யாதீர்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அவற்றில் பல சிறுநீரகத்தைப் பாதிக்கும், முழங்கால் தரும் எச்சரிக்கையும் தெரியாமல் போகும். திரும்பி வந்து இரண்டு மூன்று நாள் தொடை நோவது வழமை. சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.