தீக்காயத்தில் பூஞ்சை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தீக்காயப் பிரிவுக்கான நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். தீக்காயத் தொற்று பற்றிக் கேளுங்கள் என்றதும் பூஞ்சை பற்றித்தான் அதிகக் கேள்விகள் வந்தன.

அப்பாவுக்கு 40 சதவீதத் தீக்காயம். முதல் பத்து நாள் நன்றாகத் தேறினார். இப்போது பூஞ்சை என்கிறார்கள். நாங்கள் சரியாகக் கவனிக்கவில்லையா?

உங்கள் மேல் தவறே இல்லை அம்மா. வெந்துபோன தோலில் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ரத்தம் போகாத இடத்துக்கு வெள்ளணுவும் போகாது, ஊசியில் ஏற்றும் மருந்தும் போகாது. ஈரமும் புரதமும் மட்டும் அங்கே நிறைய இருக்கும். பூஞ்சைக்கு அது போதும்.

காயம் பெரிதாக இருந்தால் உடம்பு முழுவதுமே தளர்ந்துவிடும். கிருமியை விழுங்கிக் கொல்லும் வெள்ளணுக்களின் வேகம் குறையும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் ரத்தச் சர்க்கரை ஏறும். உயிரைக் காப்பாற்றக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பூஞ்சையைத் தொடாது. குடலில் கேண்டிடா என்ற பூஞ்சையை அடக்கி வைத்திருந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழித்துவிடும். இதெல்லாம் ஒன்றுசேர நாளாகும். அதனால்தான் முதலில் பாக்டீரியாவும், பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்கு அப்புறம் பூஞ்சையும் வருகின்றன. வீட்டார் "இனி பயமில்லை" என்று மூச்சு விடும் நேரம் அது.

இது கொரோனா சமயத்தில் வந்த கருப்பு பூஞ்சைதானா?

பெரும்பாலும் இல்லை. தீக்காயத்தில் அதிகம் பார்ப்பது கேண்டிடா. அது ரத்தத்தில் கலந்தால் ஆபத்து. 2021-இல் நாம் பயந்த மியூகார் வகையும், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சையும் குறைவாகத்தான் வரும். வந்தால் ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்து, சுற்றியுள்ள சதையைச் சாகடிக்கும். இவற்றின் வித்துகள் மண்ணிலும் தூசியிலும் இருக்கின்றன. தீயை அணைக்க மண்ணில் உருண்டவர் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

புண்ணைத் துடைத்தெடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரிலேயே பூஞ்சை என்று வந்துவிட்டது. அப்புறம் எதற்கு பயாப்ஸி? தம்பி ஏற்கெனவே வலியில் துடிக்கிறான்.

இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். பஞ்சால் துடைத்தால் மேலே இருப்பதுதான் வரும். புண்ணின் மேல் சும்மா ஒட்டியிருக்கும் பூஞ்சைக்கும், உயிருள்ள சதைக்குள் துளைத்துப் போகும் பூஞ்சைக்கும் அதில் ஒரே ரிப்போர்ட்தான் கிடைக்கும். முன்னதற்குப் புண்ணைச் சுத்தம் செய்து கவனித்தால் போதலாம். பின்னதற்கு அன்றைக்கே அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். செத்த தோலோடு அடியிலுள்ள நல்ல சதையிலும் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். அதுதான் பயாப்ஸி.

இன்னொன்று, மருந்தும் இதைப் பொறுத்தது. மைக்ரோஸ்கோப்பில் இழைகள் மெலிதாக, குறுக்குச் சுவரோடு தெரிந்தால் ஆஸ்பெர்ஜில்லஸாக இருக்கலாம். அதற்கு வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கேட்கும். ரிப்பன் போல அகலமாக, சுவர் அதிகம் இல்லாமல் தெரிந்தால் மியூகார். அதற்கு வோரிகோனசோல் வேலை செய்யாது, ஆம்போடெரிசின் பி வேண்டும். கல்ச்சர் வளரும்வரை நாள்கணக்கில் காத்திருக்க முடியாது.

வெள்ளி கிரீம் தடவுகிறார்களே, போதாதா?

சில்வர் சல்ஃபாடையசின் என்ற அந்த வெள்ளி கிரீம் 1960-களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட கிரீம்களால் பாக்டீரியா சாவுகள் குறைந்தன, ஆனால் அந்த இடத்தைப் பூஞ்சை பிடித்துக்கொண்டது. நிலைமையை மாற்றியது அறுவை சிகிச்சை. அன்றைய யூகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரில் சோரா யான்சேகோவிச் என்ற பெண் மருத்துவர், செத்த தோலைச் சில நாட்களுக்குள்ளேயே சீவி எடுத்துப் புதுத் தோல் ஒட்டும் முறையை 1970-இல் எழுதி வெளியிட்டார். பூஞ்சை வளரும் இடத்தையே எடுத்துவிடுகிறோம். "இவ்வளவு சீக்கிரம் ஆபரேஷனா?" என்று தயங்காதீர்கள்.

சமைக்கும்போது கையில் சின்னதாகச் சுட்டுக்கொண்டேன். எனக்கும் பூஞ்சை வருமா?

ஆரோக்கியமானவருக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இங்க், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் சின்னக் காயத்தையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வார்டில் கூட இருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

டிரஸ்ஸிங் பிரிக்கும்போது முடிந்தால் பாருங்கள். நேற்று இல்லாத கருப்பு அல்லது பழுப்புத் திட்டு, ஆறிய இடம் மறுபடி குழிவது, ஒட்டிய தோல் கரைவது, ஆன்டிபயாடிக் ஏறியும் விடாத காய்ச்சல். இதில் ஒன்றைப் பார்த்தாலும் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அப்போதே நர்ஸிடம் சொல்லுங்கள்.