நாய்க்குக் குடல் வழியாகப் புரதம் கழிகிறது: முதலில் நெய்யை நிறுத்துங்கள்

கேள்வி: பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பும் சில ஆடுகளும் வைத்திருக்கிறோம். வீட்டில் ஏழு வயதுப் பொமரேனியன் ஒன்று உண்டு. சில மாதங்களாக விட்டுவிட்டுக் கழிச்சல். முதுகெலும்பு தெரிகிறது, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போகிறது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 1.6 கிராம். சிறுநீரில் புரதம் போகவில்லை, கல்லீரலும் சரி என்றார்கள். குடல் வழியாகத்தான் புரதம் கழிகிறது என்று டாக்டர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். தேறியதும் நிறுத்தினோம், மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஆட்டுக்கால் சூப், முட்டை, நெய்ச்சோறு எல்லாம் கொடுத்துப் பார்க்கிறோம். ஆட்டுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தைக் கொடுக்கலாமா? வயிற்று நீரை எடுத்துவிடலாமா?

பதில்: ஆட்டுக்கால் சூப்பையும் நெய்யையும் இன்றைக்கே நிறுத்துங்கள். இளைத்த பிராணியைத் தேற்ற நெய் ஊற்றுவது நம் ஊர் வழக்கம்தான், ஆனால் இந்த நோயில் அதுவே கெடுதல். உணவிலுள்ள கொழுப்பு குடல் சுவரிலிருக்கும் நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது. இந்த நோயில் அந்தக் குழாய்கள் வீங்கி, கசிந்து, புரதத்தோடு குடலுக்குள் வடிகின்றன. வரத்து கூடினால் பலவீனமான வாய்க்கால் கரை உடைகிற மாதிரிதான். மடையில் தண்ணீரைக் குறைக்காமல் கரைக்கு மண் போட்டு என்ன பயன்? புரதம் கூட்டிக் கொடுப்பதைவிட கொழுப்பைக் குறைப்பதுதான் இங்கே முக்கியம்.

தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை எண்ணெயில்லாமல் வேகவைத்து, அதைப்போல ஒன்றரை அல்லது இரண்டு பங்கு வெந்த உருளைக்கிழங்கோ குழைந்த சோறோ சேர்த்துப் பிசைந்து, நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வெங்காயம் வேண்டாம், அது நாய்க்கு நஞ்சு. முட்டையில் வெள்ளைக்கரு மட்டும், அதுவும் வேகவைத்து. மஞ்சள் கருவில்தான் கொழுப்பு முழுவதும் இருக்கிறது. மீன் கொடுப்பதானால் கிழங்கான் போலக் கொழுப்புக் குறைந்தது சரி, மத்தியும் கானாங்கெளுத்தியும் கூடாது. கருவாட்டைக் கண்ணிலேயே காட்டாதீர்கள், உப்பு வயிற்று நீரைக் கூட்டும். தேங்காய் எண்ணெய் நல்லது என்று யாராவது சொல்வார்கள். அதுவும் கொழுப்புதான். பருப்பு உடைக்கிற இடத்தில் ஆளாளுக்கு ஒரு துண்டு முந்திரி போடுவார்களே, அதையும் சொல்லி நிறுத்துங்கள். முந்திரிப் பருப்பில் கிட்டத்தட்ட பாதி கொழுப்பு. வீட்டில் ஒருவர் பத்தியம் காக்க, இன்னொருவர் பாவம் பார்த்து ஊட்டினால் எல்லாம் வீண். இந்த உணவில் சுண்ணாம்புச் சத்தும் சில வைட்டமின்களும் போதாது. ஆகவே மாதக்கணக்கில் கொடுப்பதானால் எதைச் சேர்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை, தேறியது மருந்தின் வேலை, நோய் போய்விடவில்லை. ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்தினால் நோயும் திரும்பும், உடம்பும் தாங்காது. மாதக்கணக்கில், ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து அளவைக் குறைத்து வர வேண்டும். சில நாய்களுக்கு உணவும் குறைந்த அளவு மருந்தும் ஆயுளுக்கும் வேண்டியிருக்கும். மாத்திரை உள்ளே போகும் காலத்தில் நிறையத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். வலிக்கென்று மனிதர்களுக்கான மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது.

ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு பார்த்தார்களா என்று கேளுங்கள். இந்த நோயில் அது குறைவது சகஜம். குறைந்திருந்தால் வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரங்கள் போடுவார்கள். கால்சியம், மக்னீசியம், வைட்டமின் டி கூடக் குறையும். உடம்பு துடித்தால், வலிப்பு வந்தால் அதை நினைவில் வையுங்கள்.

வயிற்று நீரை எடுப்பது பற்றி: மூச்சுத் திணறினால் மட்டும், அதுவும் தேவையான அளவுதான். வடித்தால் அடுத்த வாரம் மறுபடி ஊறும், கூடவே கொஞ்சம் புரதமும் போகும். அல்புமின் ஏறினால் நீர் தானே வற்றும். எடை கூடினால் உடனே மகிழ வேண்டாம், அது நீராகவும் இருக்கலாம். வாரம் ஒருமுறை வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளந்து எழுதுங்கள், தொடைச் சதையைத் தடவிப் பாருங்கள். வயிறு சுருங்கி தொடை தேறினால் சரியான பாதை. நாய்க்கு அல்புமின் சாதாரணமாக 2.5 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும்.

ஆட்டு மருந்து வேண்டாம். ஆட்டுக்குக் கொடுக்கும் அல்பென்டசோல் நாய்களின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது. ஆனால் பூச்சி சந்தேகம் நியாயமானதே. ஈரமான மணல் பாங்கான இடத்தில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் பாதத் தோல் வழியாகவே ஏறும், அந்தப் புழுவும் ரத்தத்தையும் புரதத்தையும் குறைக்கும். புதிய மலத்தைப் பரிசோதித்து, நாய்க்கு உரிய மருந்தை எடைக்கேற்பக் கேட்டு வாங்குங்கள்.

உணவை மாற்றி, மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தும் இரண்டு மூன்று வாரத்தில் அல்புமின் ஏறவில்லை என்றால் வயிற்று ஸ்கேனும், தேவைப்பட்டால் குடல் சதைப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். குடலில் புற்று இருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பழைய சீட்டுகளையும், கொடுத்த மாத்திரையின் அளவு, தேதியையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த நோயில் ரத்தம் எளிதில் உறையும். திடீரென மூச்சு வாங்கினாலோ, பின்னங்கால் இழுத்துக்கொண்டு சில்லிட்டுப் போனாலோ காலை வரை காத்திராமல் அப்போதே கொண்டு போங்கள்.