தொட்டாலே உயிர் போகும் பெண்ணின் காதல் கதையை என் மகள் வாசிக்கலாமா?

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள், ஆளைக் கொல்லக்கூடிய அமானுஷ்ய சக்தி படைத்த பதின்ம வயதினரின் காதல் கதைகளையே இரவு பகலாக வாசிக்கிறாள், அந்தப் புத்தகங்களைப் பறித்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வெள்ளவத்தையில் அந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறேன். அவர்கள் கொண்டுவரும் புத்தகங்களை நானும் வாங்கி வாசிப்பேன். தயவுசெய்து பறிக்காதீர்கள்.

காலையில் 100, 101 பஸ்களில் காலி வீதியால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு நாங்கள் என்ன சொல்லி அனுப்புகிறோம்? கவனம், ஒதுங்கி நில், ஒருத்தரையும் நிமிர்ந்து பார்க்காதே. நெரிசலில் கை வைக்கிறவனைக் குத்துவதற்கென்றே சேப்டி பின்னை விரலுக்குள் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களின் அம்மாமாரும் அப்படித்தான் போனார்கள். தன் உடம்பை எந்நேரமும் காவல் காக்கவேண்டும் என்றே பழகிய பிள்ளை ஒரு கதையைத் திறக்கிறாள். அங்கே ஒரு பெண். அவளைத் தொட்டவனுக்குத்தான் ஆபத்து. அதை வாசிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு வரும் நிம்மதியை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

நல்ல கதை அந்த நிம்மதியைத் தந்துவிட்டு அடுத்த பக்கமே அவளைக் கேள்வி கேட்கும். தஹேரே மாஃபி 2011இல் எழுதிய ‘ஷேட்டர் மீ’ நாவலில் ஜூலியட்டுக்கு 17 வயது. அவளுடைய தோல் பட்டால் மற்றவரின் உயிர் போகும். உதவ நினைத்துத் தொட்ட ஒரு சின்னக் குழந்தை இறந்துபோகிறது; அவளை அடைத்து வைக்கிறார்கள். கதை தொடங்கும்போது அவள் 264 நாட்களாக ஒருவரையும் தொட்டதில்லை. பிறகு அவளை ஆயுதமாக்க ஆட்சியில் இருப்பவர்கள் வருகிறார்கள். என்னிடம் இருக்கிற இந்தச் சக்தியை நான் என்ன செய்வது, யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது? கோபத்தில் தான் சொன்ன ஒரு சொல்லுக்கு அம்மா அழுததைப் பார்த்துத் திகைத்து நிற்கிற பிள்ளைக்கு இது கற்பனைக் கேள்வியே இல்லை.

நீங்கள் கவனிக்கவேண்டியது வேறொரு வகைக் கதையை. அங்கே ஆபத்து முழுவதும் பையனிடம் இருக்கும். ‘நான் உனக்கு நல்லவன் இல்லை, விலகிப் போ’ என்று அவனே சொல்வான். அவள் அதைக் காதல் என்று எடுத்துக்கொள்வாள். 2005இல் வந்து உலகம் முழுக்க வாசிக்கப்பட்ட ‘ட்வைலைட்’ நாவலில், கதாநாயகிக்குத் தெரியாமல் அவளுடைய அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான் காதலன். நூறு வயது கடந்தவன், இரத்தம் குடிக்கும் இனத்தவன். அதை வாசித்த பிள்ளைகள் எல்லோரும் கெட்டுப்போனார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இடத்தில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து, ‘இதையே நம்முடைய ஒழுங்கையில் இருக்கிற ஒரு பொடியன் செய்தால் உனக்கு எப்படி இருக்கும்?’ என்று கேட்கவேண்டும். நான் வகுப்பில் கேட்பேன். பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே சண்டை பிடித்து விடை தேடுவார்கள். நான் இடையில் புகுவதில்லை.

அவளுக்கு இந்த வகைக் கதைதான் பிடிக்குமென்றால், மணிமேகலையை முழுக் கதையாகச் சொல்லுங்கள். பலருக்கு அமுதசுரபி மட்டும்தான் ஞாபகம். உதயகுமரன் என்ற சோழ இளவரசன் அவளைத் துரத்துகிறான். தன்னை இழிவாகப் பேசிய அவன் பின்னாலேயே தன் நெஞ்சு போவதை அவள் தன் தோழி சுதமதியிடம் ஒளிக்காமல் சொல்கிறாள். மணிபல்லவம் என்ற தீவில் (அது நம் நயினாதீவுதான் என்று சொல்பவர்கள் பலர்) முற்பிறவி தெரியவருகிறது: அவன் அவளுடைய கணவனாக இருந்தவன், பார்வையிலேயே நஞ்சு உள்ள பாம்பால் இறந்தவன். வேற்றுருவம் எடுக்கவும், வானத்தில் போகவும், பசியை வெல்லவும் அவளுக்கு மந்திரங்கள் கிடைக்கின்றன. அவனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தன் மனைவிதான் இன்னொருவனோடு கதைக்கிறாள் என்று நம்பி, உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். அவள் தன்னைக் காக்க எடுத்த சக்தியே, அவள் மனம் போன ஒருவனின் சாவுக்கு வழி திறக்கிறது. அவள் அழுகிறாள், சிறைக்கும் போகிறாள். அந்த வயதுக்காரருக்காக இப்போது எழுதப்படும் கதைகளில்கூட இவ்வளவு துணிச்சலை நான் அதிகம் கண்டதில்லை. என் வகுப்பில் இதைச் சொன்னபோது, ‘ஏன் மிஸ் இதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லை?’ என்று கேட்டார்கள்.

இன்னொன்று. ‘டார்க் ரொமான்ஸ்’ (வன்முறையும் வற்புறுத்தலும் கலந்த காதல் கதை) என்று டிக்டொக்கில் சுற்றும் புத்தகங்கள் பெரியவர்களுக்கானவை. அட்டை மட்டும் இளையோர் நாவல் போலவே இருக்கும். வாங்கும்போது பின்னட்டையில் வயது எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். பரீட்சை நேரத்தில் இரவு எத்தனை மணிக்குப் புத்தகத்தை மூடுவது என்பதை அவளோடு கதைத்து முடிவு செய்யுங்கள். அதற்கும் கதையின் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

இப்போது அவள் கையில் இருக்கும் புத்தகத்தின் பெயரைக் கீழே எழுதுங்கள். நான் வாசித்ததென்றால், நீங்கள் முதலில் எந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு அவளோடு கதைக்கலாம் என்று சொல்கிறேன்.