வெள்ளைக் கும்மட்டம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பரில் ராஜஸ்தானின் சுரு நகரத்திலிருந்து பிகானேர் வழியாக ஜெய்சல்மேர் போய்வந்தேன். பாலைவனம் பார்ப்பது முதல்முறை. ஒன்றுமே இல்லாத வெளி. வழியில் சில வெள்ளைக் கும்மட்டங்கள், பழைய சமாதிகள்போல. சாம் மணல்மேட்டில் இரவுக் குளிர் தாங்கவில்லை. அந்த வெறுமை மனதை என்னவோ செய்துவிட்டது. மறுபடி போக எந்த மாதம் நல்லது?

கே.

அன்புள்ள கே.,

'என்னவோ செய்துவிட்டது' என்று அதோடு நிறுத்திக்கொண்டீர்களே, அது பிடித்தது. பலர் அந்த இடத்தில்தான் தத்துவம் ஆரம்பிப்பார்கள். குளிரை விடுங்கள். காற்றில் ஈரமில்லை, மேகமில்லை. பகலில் வாங்கிய சூட்டை மணல் ராத்திரியே விட்டுவிடும்.

ஆனால் 'ஒன்றுமே இல்லாத வெளி' என்று எப்படி எழுத மனம் வந்தது? மக்கள் நெருக்கம் மிகுந்த பாலைவனங்களில் தார் ஒன்று. வயல் நடுவே கிளை கழித்து மொட்டையாக நிற்பது கேஜ்ரி. நம் கோயில்களில் சுற்றிவந்து கும்பிடும் அதே வன்னி. தழை ஆட்டுக்கு, காய் சாங்ரி என்று குழம்புச்சட்டிக்கு.

நீங்கள் சமாதி என்றது டாங்கா. நிலத்துக்குள் கட்டிய குடிதண்ணீர்த் தொட்டி ஐயா! சில நாட்களாக அதே நினைப்பில் இருக்கிறேன், உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது.

நிலத்தடி நீர் ஆழத்தில், பல இடங்களில் உப்பு. ஆகவே மழையைத்தான் பிடிக்கவேண்டும். தொட்டியைச் சுற்றித் தட்டுபோல நிலத்தைக் கெட்டிப்படுத்துகிறார்கள், அது ஆகோர். குறுக்களவு இருபது மீட்டர் என்றால் பரப்பு 314 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழைக்கு 31,400 லிட்டர். பாதியை மண் குடித்தாலும் பதினைந்தாயிரம் மிச்சம். இரண்டரை மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழமுள்ள தொட்டி அதற்குச் சரியாக இருக்கும். ஐந்து பேர் குடிக்க, சமைக்க நாளுக்கு நாற்பது லிட்டர் என்றால் வருஷம் ஓடிவிடும்.

சரிவில்தான் சூட்சுமம். விளிம்பிலிருந்து நடுவரை பத்து மீட்டருக்கு ஒரு முழத்துக்கும் குறைவான இறக்கம். கூடினால் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு உள்ளே போகும். குறைந்தால் தேங்கி ஊறிவிடும். நுழைவாயில் துளைகளில் வலை வேண்டும், இல்லாவிட்டால் எலியும் ஓணானும் விழும். கும்மட்டம் அழகுக்கல்ல: வெயில் பட்டால் பாசி பிடிக்கும், திறந்திருந்தால் ஆவியாகும். தொட்டியை அடிவரை வற்றவிட்டாலும் ஆபத்து. சுண்ணாம்புப் பூச்சு காய்ந்து வெடிக்கும், அடுத்த மழை வெடிப்பு வழியே இறங்கிவிடும். முதல் மழையை உள்ளே விடுவதில்லை. அது ஆகோரைக் கழுவ.

மாதம் கேட்டீர்கள் இல்லையா? ஒட்டகச் சவாரிக்கு டிசம்பர் போதும். ஜூனில் போனால் வெயில் வறுத்துவிடும், ஆனால் மழைக்கு முன் ஆகோரைக் கூட்டிச் சுத்தம் செய்வதைப் பார்க்கலாம். கிட்டே போகுமுன் செருப்பைக் கழற்றிவிடுங்கள்.