கார்புரேட்டர் பைக்ல ட்யூனிங்னா என்ன, நாமளே பண்ணலாமா?
பண்ணலாம். கார்புரேட்டர்ங்கறது பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற பாகம். ட்யூனிங்னா பெட்ரோலும் காத்தும் எந்த அளவுல கலக்கணும், பிளக் எப்ப ஸ்பார்க் அடிக்கணும்னு சரி பண்றதுதான். 1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காத்து வேணும். ஆம்பூர் பிரியாணி அடுப்புல வெறக அளவுக்கு மீறி திணிச்சா பொகை மண்டுதில்ல, அதே மாதிரி பெட்ரோல் ஜாஸ்தியானா பிளக் கரி புடிக்கும், கம்மியானா பிளக் வெளுத்து இன்ஜின் கொதிக்கும், வேலூர் வெயில்ல கேக்கவே வேணாம். பிளக் முனை இளம் பழுப்பா இருந்தா நல்லது. ஸ்பார்க், பிஸ்டன் உச்சிக்கு வந்து சேர்றதுக்கு கொஞ்சம் முன்னாடியே அடிக்கணும், ஏன்னா எரியறதுக்கு நேரம் புடிக்கும், ஆனா ரொம்ப முன்னாடி வெச்சா ஏலகிரி ஏத்தத்துல இன்ஜின் டக்டக்குனு தட்டும், தயவுசெஞ்சு அப்படியே ஓட்டாதீங்க, பிஸ்டன் போயிடும். கார்புரேட்டர்ல கலவைய சரி பண்ற மிக்சர் ஸ்க்ரூவ திருப்பினா மைலேஜ் எகிறும்னு நிறைய பேர் நம்பறாங்க, அது ஐடிலிங்லயும் (ஆக்சிலேட்டர் முறுக்காம இன்ஜின் சும்மா ஓடறப்ப) ஆக்சிலேட்டர் லேசா முறுக்கும்போதும்தான் வேலை செய்யும், வேகமா போறப்ப கார்புரேட்டருக்குள்ள இருக்கற ஊசியும் மெயின் ஜெட்டும் (பெட்ரோல் வர்ற சின்ன துளை)தான் பெட்ரோல் அளவ முடிவு பண்ணுது.